வேக வைத்த மண்

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி பால் சொசைட்டியில் கொடுத்தது. இரண்டு வருடமாகப் பெட்டிக்குள் கிடந்தது. தேதியெல்லாம் பழசு. அடித்துவிட்டு நானே போட்டுக்கொள்கிறேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், பிழை இருக்கும். பொழுது சாய்ந்தால் நானும் நங்கையும் அன்றைக்கு நடந்ததைப் பேசி முடித்துவிட்டுத்தான் படுப்போம். இப்போது பேச ஆள் இல்லை. சொல்லாமல் வைத்திருந்தால் நெஞ்சில் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, பாவாத்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழப் பிடிக்காமல் வந்துவிட்டவள். என் வீட்டுக்காரர் போய்ப் பதினெட்டு வருடம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாசிக் கடைசியில் அவளும் போய்விட்டாள்.

இன்றைக்கு அரிசி டிரம்மை நகர்த்திக் கூட்டும்போது பின்னால் ஒரு வறட்டி கிடந்தது. உள்ளங்கை அகலம்தான். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அது எரிக்கிற வறட்டி இல்லை. நங்கை கத்தரி விதை வைத்துத் தட்டிய வறட்டி. பழுத்த காயின் விதையைச் சாணத்தில் பிசைந்து அடுப்படிச் சுவரில் தட்டிவிடுவாள். பூச்சி அண்டாது. வருடா வருடம் அடுப்புக்கு மேலே ஆறேழு ஒட்டியிருக்கும். பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட சின்னக் கத்தரி. ஊரில் வேறு யாரிடமும் இல்லை, எல்லோரும் பண்ணை நாற்றுக்குப் போய்விட்டார்கள். தை மாதம் அவள் படுத்தபோது தோட்டத்தில் இருந்த செடியும் காய்ந்துவிட்டது.

இந்த வருடமும் சுவரில் ஆறு இருந்தது. சுடுகாட்டுக்கு வறட்டி போதவில்லை என்று அதையும் பெயர்த்துச் சாக்கில் போட்டு அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மயிலாத்தாள்தான் செய்திருப்பாள். சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான். அன்றிலிருந்து நான் அவளிடம் பேசுவதில்லை, ஊரிலும் அவள்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆறில் இது ஒன்று மட்டும் எப்படியோ கீழே விழுந்து தப்பித்திருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

வறட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டினேன். முப்பத்தொரு விதை. மிதந்தது ஒன்பது. அடியில் தங்கியது இருபத்திரண்டு. மூன்று தடவை எண்ணினேன்.

இவ்வளவுதான் உலகத்தில்.

ஜூன் 4, புதன்

நங்கை எந்த மண்ணில் நாற்று விடுவாள் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. அவள் பின்னால் தோட்டத்தில் இருப்பாள், நான் அடுப்படியில் இருப்பேன். சட்டியில் நாற்று வந்த பிறகுதான் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் அவள் கையால் விளைந்ததைச் சமைத்தேன், ஒரு நாள்கூட இது எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பேச்சுக்குக் குறைந்தவள் இல்லை.

வாசல் மண்ணில் பாதி, மாட்டுக் கொட்டகை எருவில் பாதி கலந்து உடைந்த சட்டியில் எட்டு விதை போட்டேன். மொத்தத்தையும் போடப் பயமாக இருந்தது.

ஜூன் 7, சனி

முதுகுவலி. தைலம் தேய்க்கக் கை எட்டவில்லை. நங்கைதான் தேய்ப்பாள், அழுத்தித் தேய்த்து, நான் கத்தினால் சிரிப்பாள். பழைய துணியைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, அதில் தைலத்தை ஊற்றி முதுகைத் தேய்த்துக்கொண்டேன். மாடு சுவரில் உரசுகிற மாதிரி. பரவாயில்லை, வலி கொஞ்சம் குறைந்தது.

ஜூன் 11, புதன்

முளைத்துவிட்டது. ஐந்து. வளைந்த ஊசி மாதிரி எழும்பி நிற்கிறது.

சொசைட்டியில் பால் ஊற்றும்போது அளக்கிறவரிடம் சொன்னேன். “நாத்தனா கத்தரியா? ஏனுங்க, இன்னும் அவங்க நெனப்பாவே இருக்கறீங்க?” என்றார். மூன்று மாதம் ஆகிவிட்டதாம். புருஷன் போனால் வருடம் முழுக்க வந்து கேட்பார்கள். நாத்தனார் போனால் பதினாறோடு சரி. அதுவும் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கூடப் பிறந்தவர் என்று கொழுந்தனாரின் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டு, கோயமுத்தூருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று பேசிக்கொண்டு போய்விட்டார்கள். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு நாற்று சாய்ந்துவிட்டது. மண்ணை ஒட்டின இடத்தில் கழுத்து கறுத்து நூல் மாதிரி ஆகியிருக்கிறது.

ஜூன் 14, சனி

எல்லாம் போச்சு.

ஜூன் 15, ஞாயிறு

செத்த நாற்றை இலையில் வைத்து எடுத்துக்கொண்டு ரோட்டடிக்கு நடந்தேன். அங்கே ஆறுச்சாமி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறான். பச்சை வலைக்குள் தட்டு தட்டாக மிளகாயும் தக்காளியும் நிற்கிறது. அவன் இலையை வாங்கி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான்.

“அளுகலுங்க. மண்ணுல இருக்கற கிருமி. பச்சை எருவு போட்டீங்களா?”

“போட்டேன்.”

“தண்ணி?”

“ரெண்டு நேரமும் ஊத்தினேன்.”

“கத்திரி நட்டீங்களா, சேத்துல எருமை கட்டுனீங்களா?”

பக்கத்தில் தட்டு நிரப்பிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். பண்ணையில் மண்ணே போடுவதில்லையாம். தேங்காய் நார்த் தூள்தான். அதில் அழுகல் வராது, வேர் லேசாக ஓடும் என்றான். ஒரு பை தரட்டுமா என்று கேட்டான். நம் ஊரில் நார் மில்லுக்குப் பின்னால் மலை மாதிரி கொட்டிக் கிடக்கிறதே, இதற்குப் போய் இவனிடம் வாங்குவானேன் என்று வந்துவிட்டேன்.

வழியில் மில்லில் கேட்டேன். அள்ளிக்கிட்டுப் போங்க என்றார்கள். புதுத் தூள், ஈரமாக, பொன் நிறத்தில். கொட்டாங்குச்சி ஏழில் நிரப்பி ஒவ்வொரு விதை போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒன்றும் காணோம்.

நகக்கண்ணில் வலி திரும்ப வந்திருக்கிறது. நங்கை போன அன்றைக்கு வலது கை நகத்துக்குள் சுண்ணாம்புச் சில்லு ஏறிப் புண்ணாகிவிட்டது. சுவர்ச் சுண்ணாம்பு. எப்படி ஏறியதென்று தெரியவில்லை. அன்றைக்கு என்னென்னவோ நடந்தது, எதுவும் நினைவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

ஜூன் 22, ஞாயிறு

மயிலாத்தாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “ஏ ருக்கு, எங்கூட்டுல முருங்கை காச்சுத் தொங்குது, பறிச்சுக்கோ” என்றாள். கேட்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வேலிமேல் ஆறு காய் வைத்திருந்தாள். மாட்டுக்குப் போடலாமா என்று யோசித்தேன். பிறகு குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 26, வியாழன்

ஒரே ஒரு விதை முளைத்து, இலை ஓரம் தீய்ந்து மஞ்சளாகிவிட்டது. மற்ற ஆறு கிளறிப் பார்த்தால் ஊறி வெடித்து அப்படியே கிடக்கிறது. கொட்டாங்குச்சியோடு பண்ணைக்குப் போனேன். ஆறுச்சாமி தூளை விரலில் எடுத்து மோந்து பார்த்தான்.

“இது மில்லுக்குப் பொறத்தால கெடக்கற தூளுங்களா?”

“ஆமா.”

“கழுவுனீங்களா?”

“அதை எதுக்குக் கழுவோணும்? அதென்ன பாத்திரமா?”

“நாக்குல வெச்சுப் பாருங்கக்கா.”

வைத்தேன். கரிப்பு. அதற்குப் பின்னால் ஒரு துவர்ப்பு.

“உப்புங்க. பத்துத் தண்ணி கழுவோணும். மொதத் தண்ணி சாயா கலருல வரும். கலரு போற வரைக்கும் கழுவிட்டே இருக்கோணும். இதென்ன, உங்க நாத்தனா போட்ட வெதையா?”

தலையை ஆட்டினேன். இன்னும் எத்தனை இருக்கிறது என்றான். ஏழு என்றேன். அவன் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. ஏழையும் என்னிடம் கொடுத்துவிடுங்கள், வளர்த்துத் தருகிறேன் என்றான். மாட்டேன் என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

“செரி. அப்பப் பாதி கழுவின தூளு, பாதி மணலும் செம்மண்ணும். மண்ணுக்கு நாங்க மருந்து ஊத்துவோம். உங்களுக்கு மருந்து வேண்டாமுன்னா மண்ண வேக வெச்சுப் போடுங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் போகும்போது கூப்பிட்டு, “மொதல்ல வெதையப் போட்றாதீங்க. வெந்தயத்தப் போடுங்க. வெந்தயம் நாலு நாளு நல்லா நின்னாத்தான் வெதையத் தொடோணும்” என்றான்.

இதை ஜூன் நாலாம் தேதி யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் நான் யாரைக் கேட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

தூள் கழுவினேன். சாக்கில் கட்டித் தொட்டியில் முக்கி முக்கிப் பிழிந்தேன். ஆறாவது தண்ணீர் வரைக்கும் சாயா. ஒன்பதாவது கொஞ்சம் தெளிந்தது. பன்னிரண்டில் நிறுத்தினேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்.

ஜூன் 28, சனி

மண்ணை வேக வைத்தேன். இட்லிச் சட்டியில்தான். வேறு எதில் ஆவி வரும்? தட்டில் துணி போட்டுச் சலித்த செம்மண்ணும் மணலும் பரப்பி மூடி, இட்லிக்கு வைக்கிறதைவிட மூன்று மடங்கு நேரம் வைத்தேன். நல்ல வாசனை வந்தது, முதல் மழை மாதிரி. மூன்று ஈடு எடுத்தேன்.

புகைக்கு வெளி அடுப்பில் வைத்திருந்தேன். மயிலாத்தாள் வேலியில் எட்டிப் பார்த்தாள். பேசக் கூடாது என்று இருந்தேன், ஆனால் அவள் கேட்ட கேள்வி அப்படி.

“ஒறம்பரை ஆராவது வாராங்களா ருக்கு? இத்தன இட்லி ஊத்தறே?”

“இட்லி இல்ல. மண்ணு.”

அவள் வேலியைப் பிடித்து இன்னும் கொஞ்சம் எட்டிச் சட்டியைப் பார்த்தாள்.

“வெந்துருச்சா?” என்றாள்.

“இன்னும் ஒரு ஈடு இருக்குது.”

போய்விட்டாள்.

ஜூன் 30, திங்கள்

நினைத்த மாதிரியே ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. சொசைட்டியில் ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அம்மாவின் கையைக் கிள்ளினாள். மதியம் கொழுந்தனார் கோயமுத்தூரிலிருந்து போன் செய்தார். “அண்ணி, மண்ணை வேக வெச்சுச் சாப்படறீங்கன்னு சொல்றாங்க” என்று ஆரம்பித்தார். சாப்பிடவில்லை, நாற்றுக்கு என்றேன். “எந்த நாத்து?” என்றார். அக்காவுடைய கத்தரி என்றேன். “அந்தக் கத்தரிக்காயி இன்னும் இருக்குதுங்களா?” என்றார். பிறகு, இங்கே வந்து எங்களோடு இருந்துகொள்ளுங்கள், மாட்டை விற்றுவிடலாம் என்றார். மேல்மாடி வீடு. அங்கே மண்ணுக்கு எங்கே போவேன்?

வெந்தயம் போட்டிருக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

வெந்தயம் எல்லாம் முளைத்து நேராக நிற்கிறது. ஒன்றுகூடச் சாயவில்லை. பிடுங்கிப் பார்த்தேன், வேர் வெள்ளையாக நீளமாக இருக்கிறது.

இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு முறை கெடுத்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

கடைசி ஏழையும் போட்டேன். கொட்டாங்குச்சியில் கண்ணைத் துளைத்துவிட்டேன், தண்ணீர் நிற்காமல் இருக்க. விரலால் குழி போடாமல் தீக்குச்சியால் போட்டேன். தண்ணீரைத் துணியில் நனைத்துச் சொட்டவிட்டேன். முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மாடு கத்திக் கத்தி ஓய்ந்த பிறகுதான் எழுந்தேன்.

ஜூலை 9, புதன்

ஐந்து நாளாக அந்தக் கொட்டாங்குச்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சும்மா உட்கார்ந்தால் அன்றைக்கு நடந்தது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

கொழுந்தனார் வாசலில் நின்று, “அண்ணி, வறட்டி பத்தாது போலிருக்குது. வேற இருக்குதுங்களா?” என்றார். அவளை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். கட்டை மெலிந்து குழந்தை மாதிரி ஆகியிருந்தாள். போதாமல் பாதியில் அணைந்துபோனால் என்ன செய்வது என்றுதான் நினைத்தேன். அவளுக்குக் குளிர் ஆகாது. இருக்குது என்று யாரோ சொன்னார்கள்.

யார் என்று இப்போது எழுத வேண்டாம்.

ஜூலை 12, சனி

இரண்டு.

ஜூலை 14, திங்கள்

மூன்றாவதும் வந்துவிட்டது. மற்ற நான்கும் வராது என்று நினைக்கிறேன். பழைய விதை.

தினமும் காலையில் கழுத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். கறுக்கவில்லை.

ஜூலை 19, சனி

ஒன்றை ராப்பூச்சி வெட்டிவிட்டது. தண்டு மட்டும் நிற்கிறது. மிச்சம் இரண்டு. கொசுவலையை வெட்டி மூடினேன். நங்கையின் கொசுவலை. அவள் இருந்திருந்தால் திட்டியிருப்பாள், பிறகு அவளே இன்னும் கொஞ்சம் வெட்டிக் கொடுத்திருப்பாள்.

நான்தான். சுவரில் இருந்ததைப் பெயர்த்தது நான்தான். தோசைத் திருப்பியைக்கூடத் தேடவில்லை, நகத்தால் பெயர்த்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூலை 28, திங்கள்

நான்கு இலை. இலைக்கு அடியில் மெல்லிசாக முள் தெரிகிறது. நங்கையின் கத்தரியேதான். சந்தைக் கத்தரிக்கு இப்படி இருக்காது.

ஆறுச்சாமி சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனான். நன்றாக இருக்கிறது, ஆடி முடிவதற்குள் நிலத்தில் வைத்துவிடுங்கள் என்றான். தோட்ட மண்ணில் அந்தக் கிருமி இருக்குமே என்றேன். “இருக்கும். கழுத்து முத்திருச்சுங்க, தாங்கிக்கும்” என்றான். ரெண்டையும் ஒரே எடத்துல வைக்காதீங்க என்று சொல்லிவிட்டு மிதித்தான். இரண்டு இடத்துக்கு நான் எங்கே போக? எனக்கு இருப்பது ஒரு வீடு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

காலையில் மயிலாத்தாள் வீட்டுக்குப் போனேன். ஐந்து மாதமாகப் போகாத வீடு. வாசலில் உட்கார்ந்து பதினெட்டுப் பலகாரத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கொட்டாங்குச்சியை அவள் முன்னால் வைத்தேன்.

“இது எங்க நங்கை கத்தரி. ரெண்டு இருக்குது. ஒண்ணு நீ வெச்சுக்கோக்கா.”

அவள் நாற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தேங்காயைத் துருவினாள்.

“அன்னைக்குச் செவுத்துல இருந்த வறட்டியப் பேத்தது நான்தான்க்கா. நீயின்னு நெனச்சிட்டிருந்தேன். நெனச்சிட்டு இல்ல. நீயின்னு வெச்சுக்கிட்டேன்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“சாக்கப் புடிச்சிட்டு நின்னது ஆரு? ஒவ்வொண்ணா பேத்துப் பேத்துப் போட்டே. ஏ ருக்கு, அது வெதையிடி, வேண்டாம்னு சொன்னேன். பாவாத்தா அக்காளுக்குக் குளுரும்னே. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?”

அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“பின்ன ஏன் நீ ஊருல சொல்லல? நான் உம்மேல சொல்லிட்டுத் திரிஞ்சனே.”

“ஆரு மேலயாவது போடோணுமில்ல. எம்மேல போட்டே. போச்சாது, உடு.” துருவலைத் தள்ளி வைத்தாள். “மண்ண வேக வெச்சுத் திங்கறான்னு நானுந்தான் சொன்னேன். அதுக்கும் இதுக்கும் செரியாப் போச்சு.”

“நீதான் சொன்னியா?”

“திங்கறான்னு சொல்லல. வேக வெக்கறான்னு சொன்னேன். திங்கறது அவிங்க சேத்துக்கிட்டது.”

அப்போதுதான் அழுதேன். நங்கை போன அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை. மயிலாத்தாள் சமாதானம் சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு, கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“இங்க வெக்கறேன். தண்ணி பாயும்.”

“சோப்புத் தண்ணி பாயுமேக்கா.”

“அப்ப எங்க வெக்கோணும்னு சொல்லு. நீதான மண்ணு வாத்தியாரு.”

இடம் பார்த்துக் காட்டினேன். கருவேப்பிலைக்குக் கிழக்கே, காலை வெயில் படுகிற இடம். அவள் மண்வெட்டியை எடுத்தாள். வேக வைக்காத மண்ணில் வைக்கப் பயமாக இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் கொட்டாங்குச்சியிலேயே இருக்கட்டும் என்றேன். அவள் கேட்கவில்லை. ஒரே கொத்து. என் கையால் வைத்தேன்.

கை கழுவும்போது சொன்னாள்: “மொதக் காயிக்கு ஆசப்படாதே. வெதைக்கு உடோணும். எஞ்செவுத்துல மூணு தட்றேன், நீ மூணு தட்டு.” பிறகு, “நாஞ்செத்தன்னைக்கு நீ எங்கூட்டு அடுப்படிக்குள்ள வந்தீன்னாக் கையை ஒடிச்சுப்போடுவேன்” என்றாள்.

“செத்ததுக்கப்புறம் எப்படி ஒடிப்பே?”

“மொதல்லயே ஒடிச்சு வெச்சிர்றேன்.”

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். மயிலாத்தாள் வீட்டு நாற்று தலை தொங்கித் தரையில் கிடந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், கறுப்பு இல்லை. புது இடம், அவ்வளவுதான் என்று அவள் சொன்னாள். அவள் தென்னங்கீற்றை ஒடித்துச் சாய்வாக நிழல் கட்டியிருந்தாள். எனக்கு இன்றைக்கு முழுவதும் வேலை ஓடவில்லை. பாலைச் சொசைட்டிக்கு நேரம் தப்பிக் கொண்டுபோனேன்.

சாயங்காலம் மறுபடி போனேன். ஒரு இலை நிமிர்ந்திருந்தது. மற்ற மூன்றும் இன்னும் தொங்குகிறது.

என்னுடையது கொட்டாங்குச்சியிலேயே இருக்கிறது. நாளைக்குக் குழி வெட்ட மயிலாத்தாள் வருகிறேன் என்றாள். வரும்போது என் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்லலாமா என்று நினைத்தேன். கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டுப் பார்க்க வேண்டும்.